மூன்று மாதச் சராசரி

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புத்திமதி சொல்வதைப் போல வீண் வேலை உலகத்தில் வேறு இல்லை. இதை நான் வெளியே நின்று பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் புத்திமதியை வருடக்கணக்கில் கேட்டு, தலையாட்டி, பணிவாக நன்றியும் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் உதறிவிட்டு வந்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

முதலிபாளையம் பக்கம் எனக்கு ஒரு பனியன் கம்பெனி இருந்தது. நாற்பது தையல் மிஷின், ஒரு கட்டிங் டேபிள், அயர்ன் போட்டுப் பெட்டி கட்ட ஒரு ஹால். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. அதுவரை துணியை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் போன, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள், துணி தைக்கிற ஆட்களை எப்படி வைத்திருக்கிறோம் என்றும் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு ஆடிட் என்று பெயர். ஆடிட்டில் தேறினால் ஆர்டர், தேறாவிட்டால் பக்கத்து கம்பெனிக்காரனுக்கு ஆர்டர்.

நான் ஒரு ஆடிட்டிலும் தோற்றதில்லை. அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. ஆடிட்டர் வரும் தேதியைப் பத்து நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். கடைசி மூன்று நாளில் சுவருக்கு வெள்ளையடித்து, தீயணைக்கிற சிலிண்டர்களைத் தூசி தட்டி மாட்டி, கக்கூசுக்குப் புது சோப்பு வைத்து, எல்லோர் மூக்கிலும் ஒரு மாஸ்க்கைக் கட்டிவிடுவேன். கட்டிங் மாஸ்டருக்கு இரும்பு வளையத்தில் பின்னிய கையுறை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு முதுகைக்கூடச் சொறிய முடியவில்லை என்று ஒவ்வொரு முறையும் அழுவார். குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதி வந்தபோது ஸ்டோர் ரூமைக் காலி செய்து, சுவரில் முயல் படம் ஒட்டி, பங்காளி வீட்டுக் குழந்தைகள் நாலைந்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். அவர்களுக்கு ஆயாவாகக் கஞ்சி போட்ட காட்டன் சேலையில் என் மனைவி உட்கார்ந்தாள். ஆடிட்டர் அவளிடம் எத்தனை வருடமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்தாறு வருடம் என்று அவள் சொன்னாள். கம்பெனிக்கே வயது பன்னிரண்டுதான். அவள் கல்யாணமான கணக்கைச் சொல்லியிருக்கிறாள்.

ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டி அரை மணியில் மாஸ்க்குகள் பெட்டிக்குள் போய்விடும். கையுறை ஆணியில் தொங்கும். அடுத்த வருடம் வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

எனக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டரம்மா சொன்னபோது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டோடு வர வேண்டும் என்றார். தேதியையும் அவரே குறித்துக் கொடுத்தார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. இதுவும் ஆடிட் என்றால் அதற்கு ஊரில் என்னை மிஞ்சின ஆள் யார் இருக்கிறார்கள்?

தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது விரதம் ஆரம்பமாகும். காலையில் வெந்தயத் தண்ணீர், மத்தியானம் கைப்பிடி சோறும் பாகற்காயும், ராத்திரிக்கு இரண்டே சப்பாத்தி. சாயங்காலம் மொட்டை மாடியில் வேர்க்க வேர்க்க நடை. நாலாம் நாள் காலை ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் கோட்டுக்குள் வந்து நிற்கும். டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனசுக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் மலர்ந்து, இதே மாதிரி விடாமல் செய்யுங்கள் என்பார். விடாமல் செய்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, நேரே பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன்னும் இரட்டைச் சர்க்கரை டீயும் சாப்பிடுவேன். மூன்று நாள் பட்டினி கிடந்த நாக்குக்கு அந்தப் பன்னின் ருசியை என்னவென்று சொல்வது.

இந்தக் கலையில் நான் தனியாள் இல்லை. விடிகாலையில் ஒரு மைதானத்தில் எங்களுக்கு வாக்கிங் கோஷ்டி ஒன்று இருந்தது. எல்லோரும் கம்பெனி முதலாளிகள், எல்லோருக்கும் சர்க்கரையோ பிரஷரோ இரண்டுமோ. வீட்டிலிருந்து மைதானத்துக்குக் காரில் வருவோம், நடக்கிற தூரத்தில் வீடு இருப்பவர்கள் உட்பட. ஆளுக்கு இரண்டு சுற்று நடப்போம். மூன்றாவது சுற்றில் யாருக்காவது ஷிப்மென்ட் விஷயமாக போன் வரும். போன் பேசுகிறவருக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் நிற்போம். பிறகு நடந்த களைப்புத் தீர பேக்கரி. கோஷ்டியில் சாயப்பட்டறை வைத்திருந்த ஒருவர், என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். சர்க்கரையால் அவருக்கு இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் கட்டிலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, பேக்கரி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து அவர் முதலில் கேட்டது வாழைக்காய் பஜ்ஜி. நாங்கள் அவரது மனத்தைரியத்தைப் பாராட்டினோம்.

என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில்தான் இடறியது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண்ணுக்குள் ரத்தக் கசிவு ஆரம்பித்திருக்கிறது, இது சர்க்கரையால் வருவது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கவே வேண்டாம். மரியாதைக்குக் காட்டித் தொலைத்தேன். அவர் சீட்டையும் பார்த்தார், என்னுடைய அழகழகான பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவருக்குக் கண் எப்படிக் கெடும் என்று கேட்டார். நான் டென்ஷன் தொழில் என்று ஏதோ உளறினேன்.

“இந்தத் தடவை வேற டெஸ்ட் எழுதறேங்க. பட்டினியா வர வேண்டாம். மூணு மாசத்துச் சராசரிய அது சொல்லிடும். முந்தா நாள் நீங்க என்ன சாப்பிட்டீங்கங்கறதப் பத்தி அதுக்குக் கவலையே இல்ல.” அவர் சிரிக்காமல் சொன்னார். “இப்படியே போனா கண்ணு, கிட்னி, காலு மூணும் வரிசையில நிக்குது. எது முதல்லங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியாது.”

மச்சானின் கால் கண்முன் வந்துபோனது. பயந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், நன்றாகவே பயந்தேன். ஆனால் மனிதன் பயந்தால் திருந்திவிடுவான் என்று நினைக்கிறவர்களுக்கு மனிதனைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயந்தவன் முதலில் வழி தேடுவான். எனக்குத் தெரிந்த வழி தொழிலில் இருந்தது.

பனியன் தொழிலில் சாம்பிள் என்று ஒன்று உண்டு. ஆர்டர் பிடிப்பதற்காக ஊரிலேயே நல்ல டெய்லரை உட்காரவைத்து, நல்ல நூலில், பொறுமையாக ஒரே ஒரு பனியன் தைத்து அனுப்புவோம். பையர் அதைப் பார்த்து மயங்கி ஆர்டர் போடுவார். பிறகு மொத்தச் சரக்கு எப்படிப் போகும் என்பது வேறு கதை. என் ரத்தம் மொத்தச் சரக்கு. எனக்கு இப்போது நல்ல சாம்பிள் ஒன்று தேவைப்பட்டது.

சாம்பிள் வீட்டிலேயே இருந்தது. என் மனைவி ஒல்லி. கொடி மாதிரி உடம்பு. விடிந்தால் எழுந்து ராத்திரி வரை உட்காராமல் வேலை செய்கிறவள். தலைவலி என்று படுத்துப் பார்த்ததில்லை. சர்க்கரை என்பது தொப்பை வைத்த முதலாளிகளுக்கு வருகிற வியாதி என்பது எங்கள் பேக்கரி பெஞ்சின் தீர்ப்பு. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபிலிருந்து ரத்தம் எடுக்கிற அம்மாவை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டு, அவளிடம், உனக்கும் நாற்பத்தெட்டு ஆகிறது, நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்றேன்.

“எனக்கு எதுக்குங்க?” என்றாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் உடம்பைப் பற்றி நானாக ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. கையை நீட்டினாள்.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து, இரண்டு சின்னக் குழாயில் ஊற்றி, பேர் எழுதின ஸ்டிக்கரை ஒட்டி வைத்துவிட்டு அந்த அம்மா கை கழுவப் போனார். மனைவி அவருக்குக் காப்பி கலக்கப் போனாள். பெட்டிக்குப் பெட்டி சைஸ் ஸ்டிக்கர் மாற்றி ஒட்டுவது எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. குழாய் ஸ்டிக்கர் எம்மாத்திரம்? காப்பி வருவதற்குள் என் ரத்தம் அவள் பேரிலும் அவள் ரத்தம் என் பேரிலும் மாறியிருந்தன. அவள் ரிப்போர்ட்டில் கொஞ்சம் கூடுதலாக வந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். லேபில் தப்பு என்று சொல்லிக் கிழித்துப் போட்டுவிடலாம்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வரும் வழியில் கவரை வாங்கி, காரில் உட்கார்ந்தே பிரித்தேன். அவள் பேரில் எட்டரை. அது நான். நினைத்ததைவிட மோசமில்லை. ஏழுக்குள் இருந்தால் தேறிவிட்டதாக அர்த்தம் என்று கீழே அச்சடித்திருந்தது. என் பேருக்கு உரியதை நிதானமாக எடுத்தேன்.

பதினொன்று சொச்சம்.

உடனே லேபுக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். என்ன லட்சணத்தில் டெஸ்ட் செய்கிறீர்கள், ஸ்டிக்கரைக்கூடச் சரியாகப் பார்க்கமாட்டீர்களா என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு நாக்குக் கூசவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவர்கள் பொறுமையாக, அதிகமாக இருந்ததால் சந்தேகப்பட்டு இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம், அதேதான் வந்தது என்றார்கள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பதினொன்று நான் இல்லை. வெறும் கொடி மாதிரி இருக்கிறாளே என்று நான் மெச்சிக்கொண்டிருந்த உடம்பின் மூன்று மாதக் கணக்கு அது. கார் கண்ணாடி வழியாக, ஷிப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் என்னை மனிதன் என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டு நாள் அந்தக் கவரைக் கார் டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டு சுற்றினேன். எப்படிச் சொல்வது என்பதல்ல, என் திருட்டைச் சொல்லாமல் அவள் வியாதியை மட்டும் சொல்ல முடியுமா என்பதுதான் இரண்டு நாளும் யோசனை. வழி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அவள் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டு, எடுத்துத் தட்டில் வைத்து, அடுப்பை அணைத்தாள்.

“அன்னைக்கு எனக்காகப் பாக்கறீங்கன்னு நெனச்சனுங்க” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனோம். நான் செய்ததை அவரிடமும் சொன்னேன். அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்தது, ஆனால் திட்டுவதற்கு நேரம் செலவழிக்காமல் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார். இனிப்பு நிறையச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். நான் இடையில் புகுந்து, அவளுக்கு இனிப்பே பிடிக்காது என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

“கல்யாணம், சீர், தீபாவளின்னு பொட்டி பொட்டியா வருதுங்க. இவுங்க கண்ணுல படக்கூடாதுன்னு நானே தின்னு தீத்துருவனுங்க.”

எங்கள் ஊரில் முதலாளி வீட்டுக்கு வருகிற இனிப்புப் பெட்டி கொஞ்சநஞ்சமல்ல. நூல்காரர், சாயக்காரர், பெட்டிக்காரர், லாரிக்காரர், புது மிஷினுக்குப் பூஜை போட்டவர் என்று வருடம் முழுக்க வரும். அதெல்லாம் எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் பேக்கரியில் என் பங்கைத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கால் எரிகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். முன்னே ரொம்ப எரிந்தது, ராத்திரியில் ஈரத் துணி சுற்றிக்கொண்டு படுப்பேன் என்று அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லையா என்று அவர் கேட்டார்.

“இவுங்ககிட்டச் சொன்னனுங்க. ஆடிட்டு முடியட்டும்னாங்க.” குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல். “இப்ப எரியறதில்லீங்க. தானாச் சரியாப் போச்சு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கட்டிலில் படுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து, இதனால் பாதத்தைத் தொடுவேன், தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். பெருவிரல் நுனியில் வைத்து அழுத்தினார். நரம்பு வளைந்தது. பிறகு பக்கத்து விரல். பிறகு பாதத்தின் மேடு. பிறகு இன்னொரு கால். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது தடவை அழுத்தும்போது அவள் கண்ணைத் திறக்காமலே, “ஆரம்பிச்சுட்டீங்களாங்க?” என்று கேட்டாள்.

அந்த அறையில் நான் அழுதேன். வெட்கப்படுகிற நிலைமையில் இல்லை.

இதற்குப் பிறகு நான் ஒரே நாளில் உத்தமனாகிவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடாது. முதல் மாதம் இரண்டு முறை பேக்கரிக்குப் போனேன். ஒரு முறை பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு திருட்டு முழி முழித்தேன். மன உறுதி என்று பெரியவர்கள் சொல்கிற சாமான் எனக்குக் கிடைக்கவேயில்லை, ஐம்பத்தைந்துக்கு மேல் புதிதாக ஸ்டாக் வருவதாகவும் தெரியவில்லை. ஆகவே நான் என்னை நம்புவதை விட்டுவிட்டேன். இனிப்புப் பெட்டிகள் வீட்டுக்குள் வருவதை நிறுத்தினேன். முதலில் அவற்றைக் கம்பெனி செக்கிங் பெண்களுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர்களும் நாற்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறவர்கள்தானே என்று பிறகு தோன்ற, தருகிறவர்களிடமே வேண்டாம் என்று சொல்லப் பழகினேன். சாயக்காரர் ஒருவர் நான் உறவை முறித்துக்கொள்வதாக நினைத்து ஆள் அனுப்பிச் சமாதானம் பேசினார். கம்பெனிக்கு டீ வருகிற கேனில் சர்க்கரை போடாமல், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று டப்பாவைப் பக்கத்தில் வைத்தேன். கட்டிங் மாஸ்டர் வேலையை விடப்போவதாக மிரட்டினார். டப்பா எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது என்று காட்டினேன். ஒரு வாரம் முறைத்தார், பிறகு எழுந்து போகச் சோம்பல்பட்டுச் சும்மாவே குடிக்க ஆரம்பித்தார்.

மைதானத்துக் கோஷ்டியை விட்டுவிட்டு, ஷிப்ட் ஆட்கள் வருவதற்கு முன்னால் கம்பெனி ரோட்டில் நானும் அவளும் நடந்தோம். கல்யாணம் ஆனதிலிருந்து நான் முன்னால் போவதும் அவள் பின்னால் வருவதும்தான் எங்கள் நடை. அப்படியே நடந்தோம். டாக்டரம்மா வார் வைத்துக் கட்டுகிற செருப்பு வாங்கச் சொல்லியிருந்தார். சேலைக்கு அது நன்றாயிருக்காது என்று அவள் பழைய ரப்பர் செருப்பையே போட்டுக்கொண்டு வந்தாள். நானும் வற்புறுத்தவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு காலை, ரோட்டின் முனை வரை போய்த் திரும்பினேன். அவள் நாலடி தள்ளி வந்துகொண்டிருந்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறும் கால். ஜல்லி பெயர்ந்து கிடந்த ரோட்டில், எதையோ நினைத்துக்கொண்டு, சாதாரணமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

“எங்க கழண்டுச்சுங்க?” என்றாள் என்னிடம்.

எனக்கும் தெரியவில்லை. நான்தான் முன்னால் பார்த்து நடந்துகொண்டிருந்தேனே. அவளை ஒரு கம்பெனி வாசல் கல்லில் உட்காரவைத்துவிட்டுத் தேடிப் போனேன். மூன்று கேட் தாண்டிக் கிடந்தது. எடுத்துவந்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, குத்தியிருந்த ஜல்லியைத் தட்டிவிட்டு மாட்டிவிட்டேன். ஷிப்டுக்கு வந்த இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே வார் வைத்த செருப்பு வாங்கினோம். ஆனாலும் மறுநாளிலிருந்து அவளை முன்னால் விட்டு நான் இரண்டடி பின்னால்தான் நடக்கிறேன். வார் அறுந்தாலும் அவளுக்குத் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. பொண்டாட்டிக்குப் பின்னாடி போகிற முதலாளி என்று பேக்கரி பெஞ்சில் என் பேர் இப்போது பிரபலம். மச்சான்தான் வைத்தாராம். வருடங்கள் ஆகிவிட்டன, மழை நாள் தவிர நடை நின்றதில்லை. என் காலுக்காக என்றால் எப்போதோ நின்றிருக்கும்.

என் சராசரி ஏழுக்குள் வந்துவிட்டது, டாக்டரம்மா பாராட்டினார். அவளுடையதும் இறங்கிவிட்டது. காலில் போன உணர்ச்சி மட்டும் திரும்பி வராது என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அது வரவில்லை.